பஸ் ஸ்டாப்பில் நின்றவர்களும் மண்டபத்தில் நின்றவர்களும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள். கணக்கு வாத்தியார் எழுதுவது என்பதால் நடுவில் கொஞ்சம் கணக்கும் வரும், பயப்பட வேண்டாம்.

ஐப்பசியில் நம்ம பூதப்பாண்டியில் ஒரு கல்யாணம். நல்ல மழை. மண்டபத்து முன்வாசலில் கை கழுவிவிட்டு நின்றுகொண்டிருந்தோம். எதிரே பஸ் ஸ்டாப்பில் ஏழெட்டுப் பெண்கள், தோவாளைக்குப் பூக்கட்டப் போகிறவர்கள், ஒரு குடைக்குள் மூன்று பேராக நின்றார்கள். டவுன் பஸ் வந்தது, ஏறினார்கள். பக்கத்தில் நின்ற என் தம்பி மகன், பெங்களூரில் நல்ல வேலையில் இருப்பவன், சிரித்துக்கொண்டே சொன்னான்: "பாத்தீங்களா பெரியப்பா, வரி கட்டுகது நாம. ஓசி பஸ்ல போறது அவிய."

சுற்றி நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன். பதில் தெரியாமல் இல்லை. வாயைத் திறக்க எனக்கு அன்றைக்கு யோக்கியதை இல்லை. அது ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் கணக்கைப் பார்ப்போம்.

வரி என்றால் நம் வீடுகளில் வருமான வரி மட்டும்தான் ஞாபகத்துக்கு வருகிறது. அந்தப் பெண்கள் வருமான வரி கட்டுவதில்லை, உண்மை. 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய முறையில் வருஷத்துக்கு 12 லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு வருமான வரி இல்லை. என் பென்ஷனுக்கும் இல்லை. அந்த மண்டபத்தில் சிரித்தவர்களில் எத்தனை பேர் இந்த வருஷம் வருமான வரி கட்டப் போகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் ஒரு கை விரல் மிச்சம் இருக்கும்.

ஆனால் அந்தப் பெண்களின் கையில் போன் இருந்தது. 299 ரூபாய் ரீசார்ஜ் என்று வைத்துக்கொள்வோம். அதில் வரி எவ்வளவு? என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள் மனக்கணக்காகச் சொல்ல வேண்டும். 18 சதவீதம் என்றதும் 299-ல் 18 சதவீதம் எடுத்து 53 ரூபாய் 82 பைசா என்று சொல்பவர்களுக்கு அன்று போலவே இன்றும் மார்க் இல்லை. 299 என்பது வரியும் சேர்ந்த தொகை. 100 ரூபாய் சரக்கு வரியோடு 118 ஆகிறது. ஆகவே 299-ஐ 118-ஆல் வகுத்து 18-ஆல் பெருக்க வேண்டும். 45 ரூபாய் 61 பைசா வரும். 28 நாளைக்கு ஒருமுறை என்றால் வருஷத்துக்கு 13 ரீசார்ஜ், 593 ரூபாய் வரி. ஒரு போனுக்கு மட்டும்.

இனி அடுக்களைக்கு வாருங்கள். சீனி, தேயிலை, சமையல் எண்ணெய், கேஸ் சிலிண்டர் எல்லாம் 5 சதவீதம். குளிக்கிற சோப்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கிற எண்ணெய், பிள்ளைக்கு வாங்குகிற பிஸ்கட் எல்லாம் 2025 செப்டம்பர் 21 வரை 18 சதவீதம். மறுநாளிலிருந்துதான் 5. பிடித்திருந்த குடைக்குக்கூட 12 இருந்து இப்போது 5. அவர்கள் கட்டுகிற பூவுக்கு மட்டும் வரி இல்லை.

சம்பாதிப்பதில் முக்கால்வாசியைக் கடையில் கொடுக்கிறவர்களுக்கு இந்த வரி கனமாக விழும். பாதிச் சம்பளத்தை பாங்கில் போட முடிகிறவர்களுக்கு லேசாக விழும். சோப்புக் கட்டி வாங்குகிறவர் யார் என்று பார்த்து விகிதம் மாறுவதில்லை. விற்பனை வரியின் குணமே அதுதான்.

சரி, அந்தப் பணம் எங்கே போகிறது? இதுதான் என் தம்பி மகனுக்கு நான் சொல்லாமல் விட்டது. வீட்டில் கிடக்கும் ஒரு பில்லை எடுத்துப் பாருங்கள். சூப்பர் மார்க்கெட் பில், ஓட்டல் பில், எதுவானாலும் சரி. தலைப்பில் ஜி.எஸ்.டி.ஐ.என். என்று 15 எழுத்து கொண்ட ஒரு எண் இருக்கும். அதன் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைச் சொல்லும். தமிழ்நாடு 33. கேரளம் 32. கர்நாடகம் 29. அடுத்த பத்து எழுத்தும் கடைக்காரரின் பான் எண். பில்லின் அடியில் வரி இரண்டாகப் பிரிந்திருக்கும். 18 சதவீதச் சரக்கு என்றால் சி.ஜி.எஸ்.டி. 9, எஸ்.ஜி.எஸ்.டி. 9. முதலாவது மத்திய அரசுக்கு. இரண்டாவது நேராக மாநில அரசுக்கு.

அதாவது பூக்கட்டும் பெண்ணின் ரீசார்ஜில் 22 ரூபாய் 80 பைசா தமிழ்நாட்டுக் கஜானாவுக்குப் போகிறது. நம் பையன் பெங்களூரில் வாங்குகிற சோப்பு, பீட்சா, பேண்ட், சட்டை அத்தனையிலும் மாநிலப் பங்கு கர்நாடகத்துக்குப் போகிறது. பில்லில் 29 என்றுதான் இருக்கும். அவன் கட்டும் வருமான வரி மத்திய அரசுக்கு. அது திரட்டும் வரிகளில், செஸ்ஸும் சர்சார்ஜும் போக, 41 சதவீதம் எல்லா மாநிலங்களுக்கும் பிரிகிறது. அந்த 41-ல் தமிழ்நாட்டின் பங்கு 2025-26 வரை 4.079 சதவீதம். இது 15-வது நிதிக்குழு வைத்த கணக்கு. ஆகவே அந்த டவுன் பஸ்ஸுக்கு டீசல் போட்டது யார் என்று கேட்டால், பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்தவர்களின் பங்கு நேராக வந்திருக்கிறது. மண்டபத்து வாசலில் நின்றவனின் பங்கு டெல்லி வரை போய், பிரிந்து, தேய்ந்து வந்திருக்கிறது.

அவன் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. மாதாமாதம் சம்பளத்திலிருந்து பிடித்துவிட்டுத்தான் கொடுக்கிறார்கள், வலி அவனுக்குத் தெரியும். வலி தெரியாமல் வரி கட்டுகிறவர்களை வரி கட்டாதவர்கள் என்று நினைத்துவிட்டான். அவ்வளவுதான் அவன் பிழை.

இந்த விற்பனை வரிக்கும் நம் ஊர்ப்பக்கத்துக்கும் ஒரு பழைய கதை உண்டு. இந்தியாவிலேயே பொது விற்பனை வரி முதலில் வந்தது அன்றைய சென்னை மாகாணத்தில், 1939-ல். ராஜாஜி பிரதமர். (மாகாண முதல்வரை அன்று அப்படித்தான் சொல்வார்கள்.) 1937-ல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்குக் கொண்டுவந்தார். கள்ளுக்கடை வருமானம் போனது. அந்தப் பள்ளத்தை நிரப்பக் கண்டுபிடித்த வழி இது. வியாபாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள். பிறகு மற்ற மாகாணங்கள் ஒவ்வொன்றாக அதே வழியைப் பிடித்துக்கொண்டன. நம் மாவட்டம் அப்போது திருவிதாங்கூர். ஆரல்வாய்மொழி தாண்டினால் வேறு ராஜ்யம், அங்கே சுங்கச் சவுக்கை. 1956 நவம்பர் 1-ல்தான் நாம் இந்தப் பக்கம் வந்தோம். ஆரல்வாய்மொழியில் இருந்த எல்லை களியக்காவிளைக்கு நகர்ந்தது.

எல்லை நகர்ந்தாலும் எல்லையின் வேலை நிற்கவில்லை. ஒரே சாமானுக்கு இரண்டு மாநிலத்தில் இரண்டு வரி. 'வாட்' வரி கேரளத்தில் 2005 ஏப்ரலில் வந்தது, இங்கே 2007 ஜனவரியில். நடுவில் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் இங்கே பழைய கணக்கு, அங்கே புதிய கணக்கு. களியக்காவிளையிலும் அந்தப் பக்கம் அமரவிளையிலும் செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசையாகக் கிடக்கும். திருவனந்தபுரம் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து அந்த வரிசையை எண்ணாதவர்கள் நம்மில் யார்? 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது, செக்போஸ்ட்டுகள் போயின. எனக்குத் தெரிந்து அந்த வரியில் எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே நன்மை அதுதான்.

அன்று பலரும் ஒரு குழப்பத்தில் விழுந்தார்கள். "நேத்து வரைக்கும் 14.5 தான் வரி, இன்னைக்கு 28 போட்டுட்டான்" என்று ஒரே பேச்சு. உண்மையில் முந்தைய பில்லில் நாம் பார்த்தது மாநில வரி மட்டும். மத்திய அரசின் கலால் வரி ஆலை வாசலிலேயே போடப்பட்டு, விலைக்குள் ஒளிந்து வந்தது. அது நம் கண்ணில் படவே இல்லை. சில சாமான்களுக்கு வரி உயர்ந்தது, சிலவற்றுக்குக் குறைந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் வெளிச்சம் வந்தது. வெளிச்சம் வந்தால் அழுக்கு கூடிவிட்ட மாதிரித்தான் தோன்றும்.

இன்னும் பழையது ஒன்று. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பற்பசை டப்பாவில் விலைக்குப் பக்கத்தில் 'உள்ளூர் வரிகள் தனி' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். அந்த உள்ளூர் வரி எவ்வளவு என்று வாங்குகிறவனுக்குத் தெரியாது, கடைக்காரர் சொன்னதுதான் கணக்கு. 1990-ல் விதியைத் திருத்தி, எல்லா வரியும் உள்பட அதிகபட்ச விலை என்று அச்சிட வைத்தார்கள். நாம் இன்று எம்.ஆர்.பி. என்று சொல்வது அதுதான். ஆகவே எம்.ஆர்.பி. போட்ட பாக்கெட்டுக்கு அதற்கு மேல் 'ஜி.எஸ்.டி. தனி' என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். அந்த வரி ஏற்கெனவே அந்த விலைக்குள் இருக்கிறது.

அமெரிக்காவில் இன்றும் அந்தப் பழைய முறைதான் என்று நியூஜெர்சியில் இருக்கும் நம் மாணவன் ஒருவன் சொன்னான். அலமாரியில் ஒட்டியிருக்கும் விலை வேறு, கல்லாவில் கொடுக்கும் விலை வேறு. நாடு முழுமைக்கும் ஒரு விற்பனை வரி அங்கே கிடையாது. மாநிலம் ஒன்று போடும். பல இடங்களில் அதன்மேல் கவுண்டி ஒன்று, நகரம் ஒன்று. டெக்சாஸில் மாநிலத்துக்கு 6.25, உள்ளூருக்கு 2 வரை. நியூஜெர்சியில் 6.625. பக்கத்து டெலவேரில் விற்பனை வரியே இல்லை. லேப்டாப் வாங்க ஒரு மணி நேரம் கார் ஓட்டிப் போகிறார்களாம். களியக்காவிளை அங்கேயும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வளைகுடாவில் இருப்பவர்கள் உங்கள் கணக்கை நீங்களே அறிவீர்கள்: சவுதியில் 15, அமீரகத்திலும் ஓமனிலும் 5, குவைத்தில் இன்னும் இல்லை.

நம் கதைக்கு வருவோம். 2019 டிசம்பரில் நானும் வீட்டுக்காரியும் திருவனந்தபுரம் சாலைக்கடைத்தெருவுக்குப் போனோம். மகளுக்கு ஒரு மிக்ஸி. விலை 3,500. சி.ஜி.எஸ்.டி. 315, எஸ்.ஜி.எஸ்.டி. 315. அதற்குக் கீழே கே.எஃப்.சி. என்று 35 ரூபாய். நாங்கள் கோழி எதுவும் வாங்கவில்லையே என்று கேட்டேன். கல்லாவில் இருந்த பிள்ளை சிரித்துவிட்டது. கேரளா ஃப்ளட் செஸ், வெள்ள வரி. 2018 பெருவெள்ளத்துக்குப் பிறகு, ஜி.எஸ்.டி. கவுன்சிலின் ஒப்புதலோடு 2019 ஆகஸ்ட் 1 முதல் 2021 ஜூலை 31 வரை கேரளம் மட்டும் வாங்கியது. 5 சதவீதத்துக்கு மேல் வரி உள்ள சாமான்களுக்கு 1 சதவீதம், தங்கத்துக்கு கால் சதவீதம். அதே மிக்ஸியை அதே விலைக்கு நாகர்கோவிலில் வாங்கியிருந்தால் 35 ரூபாய் மிச்சம். நான் வருத்தப்படவில்லை. வெள்ளத்தில் வீடு போனவர்களுக்கு என்று தெரிந்தே கொடுத்த காசு அது. ஆனால் ஒன்று கவனியுங்கள். ஒரு மாநிலம் வெள்ளத்தில் மூழ்கினால்கூடத் தன் மக்களிடம் கூடுதலாக ஒரு ரூபாய் வாங்க கவுன்சிலில் கை கட்டி நின்று அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. அந்தக் கவுன்சிலில் ஓட்டு மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு மத்திய அரசுக்கு. எந்த முடிவுக்கும் நான்கில் மூன்று பங்கு வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், மத்திய அரசு வேண்டாம் என்றால் எல்லா மாநிலமும் சேர்ந்தாலும் நிறைவேறாது. இதில் எனக்கு உடன்பாடு இல்லை. அது தனிப் பேச்சு.

மாநிலங்கள் கையில் மிச்சம் இருக்கும் பெரிய வரிகளில் ஒன்று பெட்ரோல், டீசல். அவை ஜி.எஸ்.டி.க்குள் வரவில்லை. இங்கே பெட்ரோலுக்கு 13 சதவீதமும் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும் மாநில வரி. 2021 ஆகஸ்டில் 3 ரூபாய் குறைத்த பிறகு உள்ள கணக்கு இது. கேரளத்தில் 30 சதவீதத்தைத் தாண்டும். போதாததற்கு 2023 ஏப்ரல் முதல் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ். அதனால்தான் பாறசாலைக்காரர்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு களியக்காவிளைக்கு வருகிறார்கள். ஒரு காலத்தில் சாமான் வாங்க நாம் அங்கே போனோம், இப்போது எண்ணெய் போட அவர்கள் இங்கே வருகிறார்கள்.

இன்னொரு விஷயம், கணக்காளராக இருக்கும் ஒரு மாணவி சொல்லித்தான் எனக்கே தெரியும். திருவனந்தபுரத்தில் கடைக்குப் போய் வாங்கினால் மாநிலப் பங்கு கேரளத்துக்குப் போகும் என்றுதான் நினைத்திருந்தேன். 2023 அக்டோபர் 1 முதல் ஒரு திருத்தம். நம்மைப் போன்ற சாதாரண வாடிக்கையாளர் வாங்கும் பொருளுக்கு, பில்லில் எந்த முகவரி எழுதியிருக்கிறதோ அந்த மாநிலத்துக்குத்தான் வரி. முழு முகவரிகூட வேண்டாம், மாநிலத்தின் பெயர் இருந்தால் போதும். எதுவும் எழுதாவிட்டால் கடை இருக்கும் மாநிலத்துக்கு. 'தமிழ்நாடு' என்று எழுதினால் இரண்டு வரி போய் ஐ.ஜி.எஸ்.டி. என்று ஒரே வரியாக வரும். மாநிலப் பங்கு நம் கஜானாவுக்கு வந்து சேரும். உங்களுக்கு ஒரு பைசா கூடாது, குறையாது. போன ஓணத்துக்குச் சாலையில் ஒரு பாத்திரக் கடையில் சொல்லிப் பார்த்தேன். அவருக்கு அந்தத் திருத்தம் தெரியவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்ததால் விட்டுவிட்டேன். ஆன்லைனில் வாங்கும்போது இந்தச் சிரமம் இல்லை, டெலிவரி முகவரியை வைத்துத் தானாகவே நடந்துவிடும். பெங்களூர்ப் பையன் அம்மாவுக்கு அனுப்பி வைக்கும் குக்கரின் வரி பூதப்பாண்டிக்குத்தான் வருகிறது. அந்த அளவுக்கு அவனும் நம் பஸ்ஸுக்குக் கொடுக்கிறான்!

விகிதங்களைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான சாமான்களுக்கு 12-ம் 28-ம் போய்விட்டன. பெரும்பாலும் 5 அல்லது 18. ஆடம்பரச் சரக்குகளுக்கு 40. தங்கத்துக்குத் தனியாக 3. நோட்டுப் புத்தகம், பென்சில், ரப்பர் எல்லாவற்றுக்கும் வரி நீக்கம். வாத்தியாராக இருந்த காலத்தில் வராமல் போன சந்தோஷம். தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் நீக்கம்.

இங்கேயும் ஒரு கணக்கு. வரி 18-லிருந்து 5-க்கு வந்தால் விலை 13 சதவீதம் குறைய வேண்டும் என்று பலர் எழுதினார்கள். 118 ரூபாய்ப் பற்பசை 105 ஆகும். 118-ல் 13 ரூபாய் என்பது 11 சதவீதம். 11 குறைந்திருந்தால் கடைக்காரர் ஏமாற்றவில்லை. குறையவே இல்லை என்றால் கேளுங்கள்.

சட்டத்தில் சில வேடிக்கைகளும் உண்டு. பன்னுக்கு வரி இல்லை, கிரீம் வைத்தால் உண்டு என்று கோவை ஓட்டல்காரர் ஒருவர் நிதியமைச்சர் முன்னாலேயே கேட்டு ஊரே சிரித்தது நினைவிருக்கும். நம் அரிசியும் அப்படித்தான். 2022 ஜூலை 18 முதல், லேபிள் ஒட்டிய அரிசி மூட்டை 25 கிலோ வரை இருந்தால் 5 சதவீதம். அதற்கு மேல் போனால் இல்லை. மறு மாதமே கடைகளில் 26 கிலோ சிப்பம் வந்துவிட்டது. நாஞ்சில்நாட்டில் அரிசியை மரக்காலால் அளந்தோம், கிலோவால் அளந்தோம், வரியால் அளந்தது இதுதான் முதல் தடவை. நாலு பேர் உள்ள வீட்டுக்கு 26 கிலோ வாங்கக் கையில் காசு இருக்கும். அன்றாடம் வாங்குகிறவர் 5 கிலோ பாக்கெட் வாங்கினால் வரி. சில்லறையாக அளந்து வாங்கினால் வரி இல்லை. அவர்கள் அப்படி வாங்குவதே நல்லது, சொல்லிக்கொடுங்கள்.

கடை வைத்திருக்கும் மாணவர்கள் இதற்குள் முகம் சுளித்திருப்பீர்கள். பில்லில் வரி காட்டாத கடையெல்லாம் ஏமாற்றுக் கடை என்று நான் சொல்லவில்லை. வருஷ வியாபாரம் 40 லட்சத்துக்குள் இருந்தால் சாமான் விற்கும் கடைக்குப் பதிவே பெரும்பாலும் தேவையில்லை. ஒன்றரைக் கோடி வரை உள்ளவர்கள் இணக்க முறையில் சேர்ந்து, வியாபாரி என்றால் 1 சதவீதம் தன் கையிலிருந்து கட்டலாம். அவர்கள் நம்மிடம் வரி என்று தனியாக ஒரு பைசா வாங்கக் கூடாது. பில்லிலும் அதை எழுத வேண்டும். ஆகவே முக்குக் கடை அண்ணாச்சியிடம் போய் ஜி.எஸ்.டி. பில் கேட்டுச் சண்டை போடாதீர்கள். ஆனால் பதிவு பெற்ற கடை 200 ரூபாய்க்கு மேல் விற்றால் பில் கொடுத்தே ஆக வேண்டும். அதற்குக் கீழே என்றாலும் நாம் கேட்டால் கொடுக்க வேண்டும். பில்லில் உள்ள எண் மெய்யா பொய்யா என்று ஜி.எஸ்.டி. இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம்.

இனி நான் வாயை மூடிக்கொண்ட காரணம்.

கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பு வீட்டுக் குளிமுறிக்கு டைல்ஸ் வாங்கப் போனேன். எனக்குப் படித்த பையன்தான் கடை வைத்திருக்கிறான். ஊர், பேர் வேண்டாம். 12,000 ரூபாய்க்குச் சரக்கு. கணக்குப் போட்டு முடித்ததும் குரலைத் தாழ்த்தி, "சாரே, பில்லு வேணுமா? பில்லு போட்டா 14,160. உங்களுக்குன்னா பில்லு இல்லாமத் தாறேன், 12,000 தந்தா மதி" என்றான். குருவுக்குச் செய்யும் மரியாதை என்றே அவன் அதை நினைத்தான். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். 2,160 ரூபாய். "உனக்கு எப்படித் தோணுகோ அப்படிச் செய் மக்கா" என்று சொல்லிவிட்டு, பொறுப்பை அவன் தலையில் வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் பிரித்தால் இரண்டு பெட்டி வேறு நிறம். திருப்பிக் கொண்டுபோனால், "அது நம்ம கடைச் சரக்கான்னு பாக்கணும் சாரே" என்கிறான். கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நின்றேன். கடைசியில் மாற்றித் தந்துவிட்டான், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் சொந்த மாணவன் முன்னால் நான் நின்ற அந்த அஞ்சு நிமிஷம் எனக்கு மறக்கவில்லை.

33 வருஷம் அரசுச் சம்பளம் வாங்கினேன். இப்போது பென்ஷன். தமிழ்நாடு அரசு தானாகத் திரட்டும் வரியில் பெரிய பங்கு வணிகவரிதான், ராஜாஜி காலத்திலிருந்து வளர்ந்து வந்த அதே வரி. கடையில் பில் போட்டு வாங்கிய லட்சக்கணக்கான பேர் கொடுத்த காசில்தான் என் பிள்ளைகள் படித்தார்கள், அந்தக் குளிமுறி கட்டினேன். அதற்கு டைல்ஸ் ஒட்டும்போது தமிழ்நாட்டுக்குச் சேர வேண்டிய 1,080 ரூபாயையும் டெல்லிக்குச் சேர வேண்டிய 1,080 ரூபாயையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். அந்தப் பூக்கட்டும் பெண்ணுக்கு இந்த வசதி கிடையாது. ரீசார்ஜ் செய்கிற இடத்தில் "பில் இல்லாமத் தாறேன்" என்று யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை. சோப்புக் கட்டியில் வரி உள்ளேயே இருக்கிறது. பில் இல்லாமல் வாங்குவது கையில் மொத்தமாகக் காசு உள்ளவர்களுக்குக் கிடைக்கும் சலுகை. டைல்ஸ் வாங்குகிறவன், கம்பி வாங்குகிறவன், கல்யாணத்துக்கு நகை எடுக்கிறவன். ஓசி என்று தம்பி மகன் சொன்னபோது அந்த வாசலில் ஓசியில் போனவன் ஒருவன் நின்றான். அவன் பஸ்ஸில் ஏறவில்லை.

போன வாரம் அந்தக் கடைக்குப் போய், "அந்தச் சரக்குக்கு இப்ப பில்லு போடு, 2,160 தாறேன்" என்றேன். பயந்துவிட்டான். "சாரே, அந்த மாசத்துக் கணக்கு குடுத்தாச்சு. இனி கிளறினா எனக்குத்தான் பாடு. விட்டுருங்க." கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அவன் பக்கத்து நியாயத்தையும் சொன்னான். பக்கத்துக் கடைக்காரன் பில் இல்லாமல் கொடுத்தால் தானும் கொடுக்க வேண்டியிருக்கிறது. பில் வேண்டும் என்று கேட்கிறவர்கள் பத்தில் இரண்டு பேர்தான். "கேக்கதே தப்புன்னு நெனைக்காவ சாரே, நான் என்ன செய்யட்டும்?" என்றான். அந்த 2,160 ரூபாயை இன்னும் கொடுக்க முடியவில்லை. வாஷ்பேசினும் குழாயும் வாங்க வேண்டியிருந்தது, அவனிடமே பில்லோடு வாங்கினேன். இரண்டு பாதியும் கீழே அச்சாகி வந்தன. 33 என்று தொடங்கும் எண்ணும் சரியாக இருக்கிறது, வீட்டில் வந்து தேடிப் பார்த்தேன்.

தம்பி மகனுக்கு இதையெல்லாம் போனில் சொன்னேன். டைல்ஸ் கதையையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நீங்க ஏன் பெரியப்பா அன்னைக்கே சொல்லல்லை?" என்றான். அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன், பெயர் போட வேண்டாம் என்றான்.

யாருக்காவது பில் பார்த்து ஏதாவது புரியாவிட்டால் படம் எடுத்து எனக்குத் தனியாக அனுப்புங்கள். உங்கள் பெயரையும் போன் நம்பரையும் மறைத்துவிட்டு அனுப்புங்கள். நாளைக்குக் காலையில் பூதலிங்க சுவாமி கோயிலுக்குப் போகிறேன், பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.